வெளிநாட்டில் இருந்துகொண்டு பழைய ஸ்கூட்டர் வைத்து ஓட்டுவது கட்டுப்படியாகுமா?

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: ஊரில் அப்பாவின் பஜாஜ் சேத்தக் சும்மா நிற்கிறது, அதைக் கப்பலில் கொண்டுவரலாமா, இல்லை இங்கேயே பழைய வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஏதாவது பார்த்து வாங்கலாமா என்று. அதற்கு ஏற்கெனவே ஒரு புண்ணியவான், 'இத்தாலியில் செய்ததாக இருந்தால் வாங்குங்கள், இந்திய வண்டியெல்லாம் தகர டப்பா' என்று பதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

என்னுடையது லக்னோவில் செய்த லாம்ப்ரெட்டா ஜிபி 150. மான்செஸ்டர் பக்கம் இருக்கிறேன். இத்தாலியில் இன்னோசென்டி கம்பெனி 1971இல் லாம்ப்ரெட்டா செய்வதை நிறுத்திய பிறகு, அச்சு, மெஷின் எல்லாவற்றையும் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோனது நம் அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா. ஊரில் விஜய் சூப்பர் என்று ஓடியதே, அதுவும் அவர்கள் வண்டிதான். தரம் இத்தாலி அளவுக்கு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை, குரோம் பூச்சு இரண்டு மழைக்கே பொரிந்துவிடும், ஒயரிங் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் இங்கே 'அசல் இத்தாலி' என்று பளபளவென்று நிற்கிற வண்டிகளைத் திறந்து பாருங்கள், கேபிள், ரப்பர், கிளட்ச் பிளேட் என்று பாதி சாமான் இந்தியாவிலிருந்து வந்ததாக இருக்கும். லக்னோ வண்டியை மலிவாக வாங்கி, இத்தாலிப் பெயர்ப்பட்டையை ஒட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வாங்கப் போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், கால் வைக்கிற தரைத்தகட்டில் அது ஒட்டாத இடமெல்லாம் பட்டி பார்த்து மறைத்த ஓட்டை. வியட்நாமில் புதுப்பித்தது என்று கண்ணைப் பறிக்கிற கலரில் ஒரு வெஸ்பா வந்தால் இன்னும் கவனம், இரண்டு வண்டியை நடுவில் வெட்டி ஒட்டிய சமாச்சாரமாகக்கூட இருக்கும்.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் அநேகமாக வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள், அதனால் பணத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். பூட்டி வைக்க கராஜோ ஷெட்டோ இல்லையென்றால் இந்த ஆசையைத் தள்ளிப் போடுங்கள். தெருவில் விட்டால் களவு போகும், போகாவிட்டால் துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அந்தத் தண்ணீர் அடியில் தெறித்தால் தகடு அடுத்த கோடைவரை தாங்காது. என் வண்டி நவம்பரில் உள்ளே போனால் பங்குனி வெயிலுக்குத்தான் வெளியே வரும்.

அடுத்தது லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அப்புறம் ஒருநாள் அடிப்படைப் பயிற்சி முடித்தால் 125 சிசி வரைதான் ஓட்டலாம், அதுவும் எல் போர்டோடு. சேத்தக்கும் சரி, என் வண்டியும் சரி, அதற்கு மேலே. எனவே எழுத்துத் தேர்வு, அப்புறம் இரண்டு ஓட்டும் தேர்வு. முதல் தேர்வில் மைதானத்தில் எட்டு போடச் சொல்வார்கள், ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் போட்ட அதே எட்டுதான், ஆனால் இங்கே அதோடு விடமாட்டார்கள், 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சடன் பிரேக் அடித்துக் காட்ட வேண்டும்.

கப்பலில் கொண்டுவருவது முடியாத காரியம் இல்லை. குடிபெயர்ந்து வருகிறவர்கள் ஏற்கெனவே வைத்து ஓட்டிக்கொண்டிருந்த வண்டிக்கு வரிவிலக்கு கேட்கலாம். வண்டி வந்து இறங்கிய 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தெரிவித்து, அப்புறம் பதிவுக்கு அனுப்ப வேண்டும். இதில் முக்கியம் வண்டியின் வயது. 40 வருடம் தாண்டியிருந்தால் சாலை வரி கிடையாது, பெரிதாக எதையும் மாற்றாமல் இருந்தால் வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை, புகை கக்கும் பழைய வண்டிகளுக்கு லண்டனில் வாங்குகிற புகைக் கட்டணமும் இல்லை. 1990களில் வாங்கிய சேத்தக் என்றால் கதையே வேறு, லண்டனுக்குள் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு அழ வேண்டும். அப்பா வண்டி எந்த வருடம் என்று நீங்கள் எழுதவேயில்லை.

இதெல்லாம் காகிதம். உண்மையான கேள்வி, உங்கள் கையில் ஸ்பேனர் பிடிக்குமா என்பதுதான். நம் ஊரில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு மெக்கானிக் இருப்பார். இங்கே நான் கேட்ட கடைகளில் பாதி, கியர் ஹேண்டிலில் இருக்கிறது என்றதுமே கையை விரித்தார்கள். எடுத்துக்கொண்டவர்கள் கேட்ட கூலிக்கு ஊரில் இஞ்சினையே பிரித்து மாட்டிவிடலாம். நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

க்ளாசப்பிலிருந்து ஷெஃபீல்டுக்குப் போகிற ஸ்னேக் பாஸ் மலைப்பாதையில் ஒருநாள் ஏறிக்கொண்டிருந்தேன். பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது இடதுகை இரண்டு விரலைக் கிளட்ச்சின் மேலேயே வைத்திருப்போம், சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே இறுகி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும் என்பதால். அன்றைக்கு மேடு முடிவதற்குள் சத்தம் பட்டென்று நின்றது. கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். பிஸ்டன் போச்சு என்றுதான் நினைத்தேன், ஆனால் கிக்கரை மெல்ல அழுத்தினால் காற்று நன்றாகவே எதிர்த்தது, அதாவது பிஸ்டனுக்கு ஒன்றுமில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் துணியைச் சுற்றி ஸ்பார்க் பிளக்கைத் திருகி எடுத்துப் பார்த்தால், தீப்பொறி வரவிடாமல் இரண்டு முனைக்கும் நடுவில் முடி கனத்தில் ஒரு கரிக்கோடு. அவ்வளவுதான் கோளாறு. விசிட்டிங் கார்டின் ஓரத்தால் சுரண்டி, ஊதி, திரும்ப மாட்டி உதைத்தேன், எடுத்துக்கொண்டது. அதற்குள் காரை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் வந்துவிட்டார், உதவிக்கு இல்லை, அவரும் வாலிபத்தில் இதே மாதிரி ஒன்று வைத்திருந்து சொற்பக் காசுக்கு விற்றுவிட்டாராம், அதைச் சொல்ல. இந்த நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரு லாம்ப்ரெட்டாவை விற்றிருக்கிறார்கள்.

பெட்ரோல் வேறு தலைவலி. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதா பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால், அது பழைய ரப்பரைத் தின்னும், அதனால் எத்தனால் குறைவான, விலை கூடிய சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன். ஊரிலும் இப்போது 20 சதவீதம் என்கிறார்கள், உங்கள் சேத்தக்கின் பாடும் அதுதான். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஆயிலையும் நாமே அளந்து பெட்ரோலில் கலக்க வேண்டும், என் வண்டிக்கு லிட்டருக்கு 40 மில்லி.

உதிரிபாகம் நான் லீவுக்கு ஊருக்குப் போகும்போது சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடி வாங்கிப் பெட்டியில் போட்டு வருவேன். புது கார்புரேட்டர் ஒன்றை ஏர்போர்ட்டில் வெளியே எடுக்கச் சொல்லி, பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்தே பார்த்தார்கள், பழையதாக இருந்தால் அங்கேயே போயிருக்கும். அதைவிடக் கொடுமை நம்மவர்கள். நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்தால் போதும், 'தம்பி, பெட்டியில் கொஞ்சம் இடமிருக்குமா' என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் என்பது இரண்டு கிலோ ஆவக்காய், தைத்த ஜாக்கெட் ஒரு கட்டு, யாரோ ஒருவரின் மூட்டுவலித் தைலம். தைலம் உடைந்து என் சட்டையெல்லாம் நாறியதற்கு ஒரு சாரி கிடையாது, 'ஐயோ, பாட்டில் போச்சா' என்றுதான் கேட்டார்கள். இதே ஆட்கள்தான் என் கேபிள் சுருளைப் பார்த்து, 'இன்னுமா இந்தப் பழைய இரும்பு, ஒரு நல்ல கார் வாங்கக் கூடாதா' என்பார்கள். என் கார் வாசலில்தான் நிற்கிறது, அது கண்ணில் படாது.

எங்கேயோ போய்விட்டேன். இடமும் ஸ்பேனர் பிடிக்க மனசும் இருந்தால் இங்கேயே பதிவு ஒழுங்காக உள்ள ஒன்றை வாங்குங்கள், லக்னோ வண்டியானாலும் தப்பில்லை. சேத்தக் ஊரிலேயே இருக்கட்டும். பெட்ரோலை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, நாலு கிக் அடித்து வைக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்தே தீருவேன் என்றால், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று முதலில் பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அது விட்டுப்போயிருந்தால் கப்பல் வாடகையை விசாரிப்பதே வீண் வேலை.