நெக்ரோனி திடீரென்று புளிக்கிறதா? வெர்மூத்தை முகர்ந்து பாருங்கள்

கேள்வி: ஜின், காம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது), சிவப்பு வெர்மூத் மூன்றையும் சம அளவில்தான் கலக்கிறேன். முதலில் பிரமாதமாக வந்த நெக்ரோனி காக்டெயிலில் இப்போது ஒரு மந்தமான புளிப்பு. பாட்டில்கள் அதேதான், எட்டு மாதமாக அலமாரியில் இருக்கின்றன. என்ன கோளாறு?

பதில்: பாட்டில்கள் அதேதான் என்பதுதான் கோளாறு. ஜினும் காம்பாரியும் திறந்த பிறகும் அலமாரியில் தாக்குப்பிடிக்கும். வெர்மூத் தாங்காது. அடிப்படையில் அது ஒயின். கசப்பு மூலிகையும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் சேர்த்தது, அவ்வளவுதான். ஐரோப்பிய விதிப்படி அதில் முக்கால் பங்காவது ஒயின் இருக்க வேண்டும். ஆல்கஹால் பெரும்பாலும் 15 முதல் 18 சதவீதம். கிருமி வளராமல் தடுக்க அது போதும். காற்று பட்டு மணம் மங்குவதைத் தடுக்காது.

ஒரு கோப்பைக்கு 30 மி.லி. என்றால் 750 மி.லி. பாட்டிலில் 25 கோப்பை வரும். மாதம் மூன்று குடித்தால் எட்டு மாதம் ஓடிவிடும். பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்றுதான் ஏறுகிறது. நம் ஊர் வெயில் வேறு.

சந்தேகம் தீர, 10 மி.லி. வெர்மூத்தைத் தனியாக ஊற்றி முகருங்கள். நல்லதில் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, வெனிலா வாசம் தெளிவாக எழும். கெட்டதில் வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாடையும் நாக்கில் ஒரு புளிப்பும்தான் மிஞ்சும். இதைச் சரிக்கட்ட ஜினையோ சர்க்கரையையோ கூட்டாதீர்கள். பிளாரன்ஸில் 1919 வாக்கில் கமில்லோ நெக்ரோனி பிரபு, அமெரிக்கானோவில் (காம்பாரி, வெர்மூத், சோடா கலந்த பானம்) சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னதாகத்தான் இந்தப் பானத்தின் கதை. சோடா போனதால் மூன்றில் ஒரு பங்கு வெர்மூத். அதன் குறையை மறைக்க இடமே இல்லை.

புதிதாக வாங்கும்போது 375 மி.லி. பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். திறந்த தேதியை எழுதி ஒட்டி, மூடியை இறுக்கி, ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். சிவப்பு வெர்மூத் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். சர்க்கரை குறைந்த டிரை வகையை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பெரிய பாட்டில்தான் கிடைத்ததென்றால், திறந்த அன்றே பாதியைச் சுத்தமான சிறு பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள்.

கலக்கும்போது குலுக்க வேண்டாம். பெரிய, ஈரம் வடியாத ஐஸ் கட்டிகளோடு 20 முதல் 30 விநாடி கரண்டியால் கிளறினால் போதும். உருகத் தொடங்கிய சில்லு ஐஸ் போட்டால், புது வெர்மூத்தும் தண்ணீராகத்தான் தெரியும்.

பழைய வெர்மூத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வெங்காயம், காளான் வதக்கும்போது ஊற்றி வற்றவிடலாம்.