ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவி: பொருத்தினால் தடை குறையுமா?

கேள்வி: என் தம்பி சொந்த வேனில் டெலிவரி செய்கிறார். சிங்கப்பூர் தேக்காவில் விருந்து முடிந்து, குடித்திருந்ததால் காசு கொடுத்து, நம் வண்டியை நமக்காக ஓட்டிவரும் வேலட் ஓட்டுநரை அழைத்து வீடு திரும்பினார். அந்த ஓட்டுநர் எங்கள் வீவக கார்பார்க் வாசலிலேயே வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார். தம்பி உள்ளே கொண்டுபோய் நிறுத்தும்போது போலீஸ் பிடித்தது. நிலையத்தில் ஊதியதில் 58 வந்தது. முதல் குற்றம். ஒரு ஏஜென்ட், 1,800 வெள்ளிக்கு வண்டியில் 'இன்டர்லாக்' பொருத்தி நீதிமன்றத்துக்குக் கடிதமும் தருவாராம், ஓட்டத் தடை ஆறு மாதமாகக் குறைந்துவிடுமாம். வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லவும் சொல்கிறார். நம்பலாமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: அந்த 1,800 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். அபராதம் கட்ட அது தேவைப்படும்.

இன்டர்லாக் என்பது பொய்யான பொருளல்ல. கைப்பேசி அளவில் டாஷ்போர்டு பக்கம் தொங்கும். அதன் ஒயர் ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சுற்றில் இணைந்திருக்கும். குழாயில் ஊத வேண்டும். மூச்சில் மது இருந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது. வேறொருவரை ஊதவைத்துக் கிளம்புபவர்களுக்காக, ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். ஊதிய ஒவ்வொரு முறையும் பதிவாகும். அந்தப் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு அரசுத் துறை பார்க்கிறது என்பதில்தான் கருவியின் பலம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அதிக போதையில் ஓட்டியவர்களுக்கும் திரும்பத் திரும்ப மாட்டியவர்களுக்கும் 2015 முதல் இது கட்டாயம். அமெரிக்க மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஒரு திட்டமே இல்லை. பதிவைப் பார்க்க இங்கே ஆளில்லை, கடிதத்தை வைத்துத் தடையைக் குறைக்கச் சட்டத்தில் இடமும் இல்லை. 'வகுப்புக்குப் போனால் தடை குறையும்' என்று சிலர் சொல்வதும் இதே ரகம்தான். அது பிரிட்டனில் உள்ள ஏற்பாடு. இங்குள்ள பாதுகாப்பான ஓட்டுநர் பயிற்சி குற்றப் புள்ளிகளுக்கானது, நீதிமன்றம் போட்ட தடையை அது தொடாது. இதை அரசு இணையப் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் பாதி ஏஜென்ட்டுகளுக்குப் பிழைப்பே இருக்காது.

இனி 58 என்ற எண்ணுக்கு வருவோம். 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. முதல் முறைக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டத் தடை குறைந்தது இரண்டு ஆண்டு. யாருக்கும் அடிபடாத, எதுவும் சேதமாகாத வழக்குகளுக்கு உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு படிவரிசை வகுத்தது. அதில் 55 முதல் 69 வரை ஊதியவருக்கு 4,000 முதல் 6,000 வெள்ளி அபராதமும் 30 முதல் 36 மாதத் தடையும்தான் தொடக்கப் புள்ளி. ஓட்டியது சில மீட்டர்தான், வேலட்டுக்குக் காசு கொடுத்த ரசீது இருக்கிறது என்பதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள். படியின் கீழ்ப்பக்கம் நிற்க அது உதவலாம். 'கார்பார்க் சாலையே இல்லையே' என்ற வாதம் மட்டும் வேண்டாம். பொது இடம் என்றாலே சட்டம் பாயும். இரண்டு ஆண்டுக்குக் கீழே இறங்க 'சிறப்புக் காரணம்' வேண்டும். வேன் ஓட்டித்தான் குடும்பம் சாப்பிடுகிறது என்பது அதில் சேராது. எனக்கு இது கொஞ்சம் கொடூரமாகத்தான் படுகிறது, ஆனால் நிலைமை அதுதான்.

தூங்கிய கதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். போதையில் வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் தனிக் குற்றம், தண்டனையும் குறைவு. அதிலிருந்தும் தப்ப ஒரு வழி உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களை உங்கள் தம்பியே நிரூபிக்க வேண்டும். ஒன்று, போதை தெளியும்வரை அவர் ஓட்டுவதற்கான வாய்ப்பே இல்லாத சூழ்நிலை. இரண்டு, போதை ஏறியதிலிருந்து பிடிபட்ட நேரம்வரை அவர் ஓட்டவே இல்லை. சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் படுத்தவர் முதலாவதை ஒருவேளை நிரூபிக்கலாம். ஏசிக்காக இன்ஜினைப் போட்டு ஓட்டுநர் சீட்டில் சாய்ந்தவருக்குக் கஷ்டம். கார்பார்க்குக்குள் வண்டியை நகர்த்திய உங்கள் தம்பி இரண்டாவதிலேயே விழுந்துவிடுவார். போலீஸ் கண்ணால் பார்த்த ஒன்றை மாற்றிச் சொன்னால் குடிபோதை வழக்கோடு பொய்த்தகவல் வழக்கும் சேரும். 'நான்தான் ஓட்டினேன்' என்று வேறொருவரைச் சொல்லவைத்தால் இன்னும் மோசம். நீதிக்கு இடையூறு செய்ததற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

வழக்கறிஞர் உரிமம் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு வழக்கு வேலை பார்ப்பதே குற்றம். வழக்கறிஞர்கள் ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுக்கவும் கூடாது. 'என் லாயர்' என்று அந்த ஏஜென்ட் சொன்னால் பெயரைக் கேட்டு வழக்கறிஞர் சங்கப் பட்டியலில் தேடுங்கள். இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் சட்ட ஆலோசனை முகாம்களில் ஆலோசனை இலவசம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம்தான். குற்றச்சாட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். 'புரியவில்லை' என்று சொல்லத் தயங்க வேண்டாம். வழக்கறிஞரைப் பார்க்க முதல் நாளே அவகாசம் கேட்கலாம்.

தடைக் காலத்தில் அடுத்த ஏஜென்ட் வருவார், இந்தியாவிலிருந்து சர்வதேச பெர்மிட் எடுத்துத் தருவதாக. எந்த நாட்டு உரிமத்தை வைத்தும் இங்கே ஓட்டக்கூடாது. தடையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வேனும் பறிபோகலாம். காப்புறுதியும் இருக்காது.

தடை முடிந்த மறுநாளே சாவியை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தடை போட்டால் பழைய உரிமம் செல்லாது. அடிப்படைத் தியரி, இறுதித் தியரி, பிராக்டிகல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேற வேண்டும். தியரியில் 50 கேள்விக்கு 45 சரியாக இருக்க வேண்டும். பிராக்டிகலுக்குத் தேதி கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆக 30 மாதத் தடை என்றால் கையில் உரிமம் வர மூன்று ஆண்டு ஆகும் என்று வைத்துக் குடும்பக் கணக்கைப் போடுங்கள். அதுவரை வேனை உரிமம் உள்ளவர் ஓட்டலாம். அவர் காப்புறுதியில் அடங்குகிறாரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு நாளில் தம்பி வேனில் போக வேண்டாம். சிறை இல்லையென்றால் தடை அன்றே தொடங்கிவிடும், நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டி வருவதே அடுத்த குற்றமாகிவிடும். அரசு நீதிமன்றங்களுக்குச் சைனாடவுன் எம்ஆர்டியில் இறங்கி நடக்கலாம்.