படுக்கையில் இருக்கும் அத்தையை நான்கு நாள் யாரிடம் விட்டுப் போவது?

பிறந்த ஊரில் அம்மன் கொடை, நான்கு நாள் போய்வர வேண்டும், மாமியாருக்கு ரைல்ஸ் டியூபும் (மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்கும் குழாய்) யூரின் டியூபும் இருக்கின்றன, இன்சுலினும் போடுகிறோம், யாரை நம்பி விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போய்வாருங்கள். பார்த்துக்கொள்கிறவர் தூங்கி எழுந்தால்தான் அத்தைக்கும் நல்லது.

அத்தையை இடம் மாற்றாமல் வீட்டுக்கே ஆளை வரவழைப்பதுதான் என் யோசனை. மறதி நோயும் இருந்தால் புது இடத்தில் ராத்திரி குழப்பம் கூடி, டியூபைப் பிடுங்கிவிடுவார்கள். முதியோர் இல்லம்தான் வழி என்றால், டியூபில் சாப்பாடு கொடுக்கத் தெரிந்தவர் இரவிலும் இருப்பாரா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஏஜென்சிகள் ஹோம் நர்ஸ் என்று அனுப்பும் எல்லோரும் நர்ஸ் படித்தவர்கள் இல்லை. டியூப், இன்சுலின் எல்லாவற்றையும் முன்பே சொல்லி ஆள் கேளுங்கள். கொடை நேரத்தில் அவர்களும் சொந்த ஊருக்குப் போவார்கள், கடைசி வாரத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஒரே ஆளை 24 மணி நேரமும் வைக்காதீர்கள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ராத்திரி முறையை மைனியோ கொழுந்தனாரோ எடுக்கட்டும். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், கரண்ட் போனால் அது இறங்கிவிடும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ் கேர்) நர்ஸ் வீட்டுக்கு வருவார், கூடத் தங்கமாட்டார். யூரின் டியூப் மாற்றும் நாள் நெருங்கியிருந்தால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, கிளம்புமுன்பே மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது வேலையைக் கைமாற்றும்போதுதான். ஆளை இரண்டு நாள் முன்னதாகவே வரச்சொல்லுங்கள். முதல்நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், மறுநாள் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். ரைல்ஸ் டியூப் மூக்கைத் தொடும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, வடிகட்டிய கஞ்சியைத் தானாக இறங்கவிட வேண்டும், சிரிஞ்சால் அழுத்தக் கூடாது. முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். முன்னும் பின்னும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர், வழக்கமாக 30 மில்லி, விடாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிவையுங்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

சாப்பாடு இறங்காத வேளையில் இன்சுலின் போடுமுன் டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சுகர் 70க்குக் கீழே போனால் ஆபத்து. யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. பையில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். மடங்கவும் இல்லை, வயிறும் உப்புகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். யார் கூடப் போவது என்பதை இப்போதே பேசிவைத்து, மருந்துச் சீட்டு, பழைய ரிப்போர்ட், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள்.