பேனல் சுமக்கவா, இணைக்கவா?

கேள்வி: ஜவ்வாது மலையில் ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் படித்த மலைவாழ் பிள்ளைகள் சிலர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறார்கள். சோலார் வேலைக்காகக் கோயம்புத்தூர் போன இருவர் ஒரே மாதத்தில் திரும்பிவிட்டார்கள். "ஒத்துவராது சார்" என்கிறார்கள். நல்ல பயிற்சி ஏதும் உண்டா?
– ஓர் ஆசிரியர், ஜமுனாமரத்தூர்

பதில்: பயிற்சி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் அந்த இருவரிடமும் அங்கே என்ன வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். "பேனல் தூக்கினோம்" என்பார்கள் என்பது என் ஊகம். எலக்ட்ரீஷியன் படித்தவனை ஹெல்பர் என்று எடுத்து, மாடிக்கு மாடி சுமக்க வைத்து, ஒயரைத் தொடவே விடாத ஒப்பந்ததாரர்கள் ஏராளம். பிள்ளைகள் திரும்பி வந்ததும் "மலைப் பசங்க நிலைக்க மாட்டாங்க" என்று ஒரு பேச்சு வேறு.

தொழில் இருப்பது இணைப்பில். பதினைந்து பேனல்களை வரிசையாகக் கோத்தால் 600 வோல்ட்டைத் தொடும் டி.சி. (ஒரே திசையில் பாயும்) மின்சாரம் அது; வெயில் இருக்கும்வரை பேனலில் அதை நிறுத்த முடியாது. ஒயரின் உறையைச் சீவி, அதன் நுனியில் உலோகப் பின் ஒன்றை வைத்து, அதற்கான கருவியால் நெரித்து, கனெக்டருக்குள் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். அது தளர்ந்திருந்தால் சூடேறி, பொறி பறந்து, தீப்பிடிக்கும். இதைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம் ஏறும்.

ஆகவே சேரும் முன்பே இணைப்பு வேலை கற்றுத் தருவீர்களா, தங்க இடம் உண்டா என்று நிறுவனத்திடம் நீங்களே கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் பதில் வரும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ்களை எடுத்து உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். அந்த வழியில் சேர்ப்பது ஹெல்பராகச் சேர்ப்பதைவிட நூறு மடங்கு மேல். தனியாக ஒருவனை அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போகட்டும்.

"மரம் ஏறிப் பழகியவர்கள்தானே" என்று பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் கூரையில் ஏற்றும் முதலாளியிடம் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. இது பாராட்டு மாதிரித் தோன்றும், பாராட்டு அல்ல.

பயிற்சிக்கு வருகிறேன். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'சூரியமித்ரா' சோலார் பயிற்சி ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ஏற்றது, 600 மணி நேரம். காற்றாலைப் பராமரிப்புக்கு 'வாயுமித்ரா' உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தில் விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும், முன்பு அங்கே பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது வேலையில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் பெண்கள் யாரும் இல்லையே? ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சோலார் தொழில்நுட்பம் அறிந்தவர்களாக்கியிருக்கிறது. உங்கள் மாணவிகளோ பத்தாம் வகுப்பு தேறியவர்கள். அவர்களையும் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பழங்குடியினர் சான்று. அதைத் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. பயிற்சி அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கைக்கு வராது. சான்று இல்லாத பிள்ளை யார் யார் என்று பார்த்து, இந்த வாரமே மனு கொடுக்க வையுங்கள்.