பல் இடுக்குச் சொத்தை: துளைக்காமல் அடைக்க முடியுமா? கேள்வி பதில்

வயது 24, திருச்சி. வலி இல்லை, கூச்சம் இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு நிழல். ஒரு டாக்டர் உடனே ஃபில்லிங் என்கிறார், இன்னொருவர் துளைக்காமல் மூடும் சீலன்ட் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

நிழல் எவ்வளவு ஆழம், பல்லின் மேற்பரப்பு உடைந்து குழி விழுந்திருக்கிறதா? இந்த இரண்டும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கடித்துப் பிடித்து எடுக்கும் பைட்விங் எக்ஸ்ரேயை வாங்கிப் பாருங்கள். நிழல் பல்லின் வெளி ஓடான எனாமலின் வெளிப்பாதியோடு நின்றால் இ1. உள்பாதிக்குப் போயிருந்தால் இ2. எனாமலைத் தாண்டி, அதன் அடியில் உள்ள டென்டினின் வெளி மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் டி1. சீலன்ட் போடுவதெல்லாம் இந்த மூன்று நிலைகளில்தான். அதைவிட ஆழமென்றால் சுரண்டி அடைப்பதே முறை.

இ1-ஆக இருந்து, வாயில் வேறு சொத்தையும் இல்லையென்றால் ஃப்ளூரைடும், இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலும் போதும். இ2, டி1 இரண்டிலும் சீலன்ட் நன்றாகக் கைகொடுக்கும். குழி விழாத இடத்தில் அவசரப்பட்டு ஃபில்லிங் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இடுக்கில் இருக்கும் சொத்தையை எட்டுவதற்கு மேலிருந்து பல்லின் ஓர மேட்டை வெட்டித்தான் இறங்க வேண்டும். சிறு சொத்தைக்காக நல்ல பல் நிறையப் போய்விடும், போனது திரும்ப வராது. பிறகு அந்த ஃபில்லிங்கை மாற்ற வேண்டிவரும் ஒவ்வொரு முறையும் குழி இன்னும் பெரிதாகும்.

குழி விழுந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலேயே தெரியாதா?

உறுதியாகத் தெரியாது. எக்ஸ்ரே காட்டுவது தாது இழப்பைத்தான், மேற்பரப்பின் நிலையை அல்ல. டென்டினுக்குள் ஆழமாகப் போயிருந்தால் குழி இருக்க வாய்ப்பு அதிகம். இ2, டி1 எல்லையில்தான் குழப்பம் வரும்.

நேரில் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பற்களுக்குக் கம்பி கட்டும்போது போடுகிற சின்ன ரப்பர் வளையத்தை, செபரேட்டர் என்பார்கள், இடுக்கில் செருகி இரண்டு மூன்று நாள் விட்டால் மெல்லிய இடைவெளி கிடைக்கும். வளையத்தை எடுத்துக் காற்றடித்து உலர்த்தினால் நேரடியாகவே பார்க்கலாம். கூரான புரோபால் குத்திப் பார்க்கக் கூடாது. ஓட்டையில்லாத மேற்பரப்பில் அந்தக் குத்தே ஓட்டை போட்டுவிடும். வளையம் இருக்கும் நாட்களில் கடிக்கும்போது லேசாக வலிக்கும், அது இயல்புதான். வளையம் காணாமல் போனால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சில நேரம் அது ஈறுக்கு அடியில் நழுவிப் போய்விடும்.

என் பையனுக்குக் கடைவாய்ப்பல் மேலே போட்டார்களே, அதே சீலன்ட்தானா இது?

நோக்கம் ஒன்று, வேலை வேறு. மெல்லும் பரப்பில் போடுவது பள்ளங்களை மூடும் ஒரு படலம். இடுக்கில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, அதேபோல மேலே ஒரு படலம் பூசுவது. மற்றொன்று ரெசின் இன்ஃபில்ட்ரேஷன். இதில் தண்ணீர் மாதிரி ஓடும் ரெசின் என்ற பிசின் சொத்தையின் நுண்துளைகளுக்குள்ளேயே ஊறி, அங்கேயே கெட்டியாகும். ஜெர்மனியின் டிஎம்ஜி நிறுவனம் 2009-இல் 'ஐகான்' என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த முறையைத்தான். அமிலமும் சர்க்கரையும் உள்ளே போக வழியில்லாததால் சொத்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பிடிஎஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். இன்ஃபில்ட்ரேஷனை இடுக்கில் செய்யும் வரிசையையும், எங்கே தவறும் என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் ஈறு. இடுக்கில் ரத்தம் கசிகிற வாயில் இதைத் தொடங்காதீர்கள். ஸ்கேலிங் செய்து, ஃப்ளாஸ் பழக்கி, ஈறு ஆறிய பிறகு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு இடுக்கைச் சுத்தம் செய்து, பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேம் போடுங்கள். இது கட்டாயம். நீங்கள் கையாளப்போவது 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். நோயாளிக்கும் உங்களுக்கும் கண்ணாடி வேண்டும்.

அடுத்து, இரண்டு பற்களுக்கு நடுவே செருகும் ஆப்பு. ஒரேயடியாகத் தள்ளாமல் கொஞ்சம் செருகி, பல் நகர நேரம் கொடுத்து, மறுபடி செருகுங்கள். உங்களுக்கு வேண்டிய இடைவெளி சுமார் 50 மைக்ரான்தான். ஆப்பு கடைசிவரை அப்படியே இருக்கட்டும்.

சிரிஞ்சில் மாட்டும் இடுக்குக்கான முனையில் இரட்டைப் படலம் இருக்கும், துளைகள் ஒரு பக்கம் மட்டும்தான். துளையுள்ள பச்சைப் பக்கம் சொத்தையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் பக்கத்துப் பல்லின் நல்ல எனாமலில் அமிலம் படும், சொத்தைக்கு ஒன்றும் கிடைக்காது. அமில ஜெல்லை 2 நிமிடம் வையுங்கள். 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் இங்கே ஏன் போதாது என்று கேட்பார்கள். ஆரம்பச் சொத்தையின் மேல்தோல், உள்ளே இருப்பதைவிடத் தாது செறிந்த அடுக்கு. பாஸ்பாரிக் அமிலம் அதை முழுதாக அரிப்பதில்லை. அந்த அடுக்கு நின்றால் ரெசினுக்கு வாசல் திறக்காது.

30 விநாடி தண்ணீரால் கழுவி, காற்றால் உலர்த்துங்கள். கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் வருகிறதா என்று முன்பே ஒரு கண்ணாடித் துண்டில் அடித்துப் பாருங்கள். பிறகு எத்தனால், 30 விநாடி. மறுபடி காற்று. பலர் அசட்டையாகக் கடப்பது இந்த எத்தனால் படியைத்தான். நுண்துளைக்குள் தண்ணீர் மிச்சமிருந்தால் ரெசின் நுழையாது. காய்ந்திருந்தால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுத்துக்கொள்ளும்.

புதிய முனையில் இன்ஃபில்ட்ரன்ட், அதாவது ஊறும் ரெசின், 3 நிமிடம். அதுவரை நாற்காலி விளக்கை வேறு பக்கம் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஊறும் முன்பே கெட்டியாகத் தொடங்கிவிடும். நேரத்தைக் குறைக்காதீர்கள். முனையை எடுத்ததும், லைட் காட்டும் முன்பு, காற்றும் ஃப்ளாஸும் விட்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மறந்தால் இரண்டு பல்லும் ஒட்டிக்கொள்ளும், ஓரத்தில் தேங்கியது ஈறை அழற்றிக்கொண்டே இருக்கும். எல்லாப் பக்கமும் லைட், 40 விநாடி. கெட்டியாகும்போது ரெசின் சுருங்குவதால் இரண்டாம் முறை: 1 நிமிடம் ஊறவிட்டு, ஃப்ளாஸ், மறுபடி 40 விநாடி. கடைசியில் பாலிஷ் ஸ்ட்ரிப்.

எங்கள் கிளினிக்கில் அந்த ஐகான் கிட் இல்லை, விலை அதிகம். ஃபில்லிங்கை ஒட்டவைக்கும் சாதாரண பாண்டிங் வைத்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் இரண்டு வருகை. முதல் நாள் செபரேட்டர். இரண்டு மூன்று நாள் கழித்து அதை எடுத்து, ரப்பர் டேம் போட்டு, பக்கத்துப் பல்லை மெல்லிய மேட்ரிக்ஸ் பட்டையால் மறைத்து, பாஸ்பாரிக் அமிலம், கழுவல், உலர்த்தல், பாண்டிங் அல்லது சீலன்ட், ஃப்ளாஸ், லைட். இது மேலே உட்காரும் படலம் மட்டுமே. ஓரம் பெயர்ந்தால் அங்கே அழுக்கு தேங்கும். அதனால் ஓரங்களைக் கண்ணால் பார்க்கும் அளவு இடைவெளி கிடைக்காவிட்டால் அன்றைக்குச் செய்யாதீர்கள்.

2018-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தந்த வழிகாட்டி, குழி விழாத இடுக்குச் சொத்தைக்குப் பல்லில் பூசும் 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ், இன்ஃபில்ட்ரேஷன், இரண்டும் சேர்த்து, அல்லது சீலன்ட் என எல்லாவற்றையும் ஏற்கிறது. கிட் இல்லையென்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் என்பதும் முறையான சிகிச்சைதான், ஒப்புக்குச் செய்வதல்ல.

ஊசி போடுவார்களா?

பெரும்பாலும் தேவைப்படாது. ஆப்பும் டேம் கிளாம்பும் அழுத்துவதுதான் தொந்தரவு. ஈறில் மருந்து தடவினாலே போதும். இந்த ரெசினில் உள்ள மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

போன வருடம் இன்ஃபில்ட்ரேஷன் செய்தேன். இப்போது வேறு ஊரில் எடுத்த எக்ஸ்ரேயில் அதே நிழல். சொத்தை அப்படியே இருக்கிறது, ஃபில்லிங் வேண்டும் என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அந்த ரெசின் எக்ஸ்ரேயில் தெரியாது. சிகிச்சை நன்றாக அமைந்திருந்தாலும் நிழல் அப்படியேதான் இருக்கும், மறையாது. பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அளவு மாறவில்லை என்றால் சொத்தை நின்றுவிட்டது. பெரிதாகியிருந்தால் மட்டும் ஃபில்லிங் பற்றிப் பேசலாம். எந்தப் பல், எந்தப் பக்கம், எந்தத் தேதி, என்ன பொருள் என்று செய்த டாக்டரிடம் எழுதி வாங்கி, பழைய எக்ஸ்ரேயோடு செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டு இல்லாமல் நல்ல பல்லைத் துளைத்துவிடும் ஆபத்து நிஜமானது.

7 வயது மகளுக்குப் பால் பல் இடுக்கில் ஆரம்பச் சொத்தை. விழப்போகும் பல்தானே, விட்டுவிடலாமா?

பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயதுவரை நிற்க வேண்டியவை. அவற்றின் எனாமல் மெல்லியது, சொத்தை வேகமாக இறங்கும். அதைவிட முக்கியம், கடைசிப் பால் கடைவாய்ப்பல்லின் பின்பக்கச் சொத்தை, 6 வயதில் அதை ஒட்டி முளைத்த நிரந்தரப் பல்லின் முன்பக்கத்தையும் கெடுக்கும். குழி இல்லையென்றால், குழந்தை அசையாமல் உட்காருவாள் என்றால், இன்ஃபில்ட்ரேஷன் நல்லது. உட்காரமாட்டாள் என்றால் வார்னிஷ். குழி விழுந்துவிட்டால் 38 சதவீத சில்வர் டயமின் ஃப்ளூரைடு திரவத்தைப் பூசுவது ஒரு வழி. சொத்தை பட்ட இடம் நிரந்தரமாகக் கறுக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

கிராம்பு எண்ணெய் வைத்தால் நிற்காதா?

வலியை மரக்கச் செய்யும். சொத்தையை நிறுத்தாது.

போட்ட பிறகு என்ன கவனிக்க வேண்டும்? மறுபடி வருமா?

அடைத்த அந்த ஒரு பரப்புக்குத்தான் காவல். மற்ற இடுக்குகள் முன்பு இருந்த நிலையில்தான் இருக்கின்றன. இரவு தூங்கும் முன் ஃப்ளாஸ் அல்லது இடுக்குப் பிரஷ். பேஸ்ட் பெட்டியைத் திருப்பி ஃப்ளூரைடு 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகை பேஸ்ட்கள் பலவற்றில் ஃப்ளூரைடே கிடையாது. துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். சர்க்கரை போட்ட டீ, காபியை நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பல் அமிலத்தில் நனைகிறது. குடிக்கும் முறைகளைக் குறையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே கோணத்தில் பைட்விங். நடுவில் அந்த இடுக்கில் ஃப்ளாஸ் நூல் பிரிந்து மாட்டினால், ஓரம் பெயர்ந்திருக்கலாம் அல்லது குழி விழுந்திருக்கலாம், வருடம் முடியக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.