போர்வெல் தண்ணீரில் பி.எச். 8.2: மாடித் தோட்டத்துக்கு என்ன செய்வது?

பெங்களூரு கே.ஆர். புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாடியில் முப்பது தொட்டிகளில் கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை, செம்பருத்தி வளர்க்கிறார். ஊற்றுவது போர்வெல் தண்ணீர், கோடையில் டேங்கர் தண்ணீர். கறிவேப்பிலையின் கொழுந்து வெளிறிக்கொண்டே போகிறது. இணையத்தில் வாங்கிய பேனா மீட்டர், தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.2 என்று காட்டுகிறது. வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர், தண்ணீரைச் சரிசெய்யும் இயந்திரத்தைப் பொருத்தாவிட்டால் செடிகள் எல்லாம் பட்டுவிடும் என்கிறார். வினிகர் ஊற்றினால் போதுமா, போதுமென்றால் எவ்வளவு என்பதே அவருடைய கேள்வி.

இயந்திரத்துக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். 8.2 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது. செடிகளைப் பொறுத்தவரை முக்கியமானது அந்த எண் அன்று. தண்ணீரில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதுதான். அடுப்பில் கொதிக்கும் ஒரு தம்ளர் தண்ணீருக்கும் ஓர் அண்டாத் தண்ணீருக்கும் சூடு ஒன்றே. ஆனால் ஆறவைப்பதற்கு ஆகும் பாடு ஒன்றல்ல. அதேபோல, பைகார்பனேட் குறைந்த தண்ணீர் 8.2 காட்டினாலும் தொட்டி மண்ணை அதிகம் மாற்றாது. பைகார்பனேட் மிகுந்த தண்ணீரோ, வேர் விடும் அமிலத்தை எல்லாம் நாள்தோறும் முறித்து, மண்ணைக் காரமாக்கிக்கொண்டே போகும். காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

இதை அளக்க மீன் தொட்டிச் சாமான்கள் விற்கும் கடையில் 'கே.எச்.' சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கும். அதனுடன் வரும் சிறு குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, நீல நிறம் மஞ்சளாக மாறும் வரை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். வழக்கமான பெட்டிகளில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் காரத்தன்மைக்கு, அதாவது பைகார்பனேட்டைக் காட்டும் அளவுக்குச் சமம். ஐந்தாறு சொட்டிலேயே நிறம் மாறினால் தண்ணீரைத் தொடவே வேண்டாம். பதினைந்து சொட்டைத் தாண்டினால் மேலே படியுங்கள். உங்கள் பேனா மீட்டரையும் வாங்கியபடியே நம்பக் கூடாது, பி.எச். 4.01, 6.86 என்று குறித்த சரிபார்ப்புத் திரவங்களில் அளவைச் சரிபார்த்த பிறகே அது சொல்வதற்குப் பொருள் உண்டு. டி.டி.எஸ். மீட்டர், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் வேறு கருவி, அது பி.எச்.சையும் அளக்காது, பைகார்பனேட்டையும் அளக்காது.

அடுத்து இலையைப் பாருங்கள். கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி வெளிறி மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புக் குறைபாடு; உங்கள் கறிவேப்பிலையின் நிலை அதுவாகவே தோன்றுகிறது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை.

இனி அளவு. காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் இருக்கிறது என்று கொள்வோம். பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்கு 3 முதல் 4 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலே கொடுப்பார்கள். தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக் கரைத்து, கால் மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள், பி.எச். 6-க்கும் 6.5-க்கும் இடையில் நின்றால் சரி, 6-க்குக் கீழே இறக்காதீர்கள். வினிகர்தான் கையில் இருக்கிறது என்றால் ஐந்து சதவீத வினிகர் சுமார் 50 மில்லி. இவற்றை வாளியில் மட்டும் கலக்க வேண்டும், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. இந்த இரண்டு அமிலங்களையும் மண்ணின் நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் பலன் நிலையாக நிற்காது. அதைவிடச் சிறந்த வழி, சேமித்த மழைநீரைச் சரிபாதி கலப்பது. காரத்தன்மை ஏறக்குறைய பாதியாகிவிடும், செலவும் இல்லை.

பாத்ரூம் கழுவும் அமிலத்தையும் பேட்டரி அமிலத்தையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். கண்ணும் கையும் போய்விடும்.

இப்போது அந்த இயந்திரம். அவர்கள் விற்பது பெரும்பாலும் வாட்டர் சாஃப்ட்னர். அது தண்ணீரிலுள்ள கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் வெள்ளை படியாது; ஆனால் பைகார்பனேட் ஒரு துளியும் குறையாது, பி.எச். இறங்காது, கூடுதலாக வந்த சோடியம் தொட்டி மண்ணை இறுக்கி வேரைக் கெடுக்கும். செடிக்கு இது மருந்தன்று, நஞ்சு. அபார்ட்மெண்ட்டில் ஏற்கெனவே சாஃப்ட்னர் இருந்தால், அதற்கு முன்னால் பிரியும் குழாயிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கும்படி சங்கத்தில் வற்புறுத்திக் கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரும் உப்பு செறிந்ததுதான். சிக்கனம் என்று நினைத்து அதையே நாள்தோறும் செடிக்கு ஊற்றுவோர் பலர்.

உங்கள் வீட்டில் அந்த விற்பனையாளர் இரண்டு தம்ளர்களில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சிக் காட்டியிருப்பார். உங்கள் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருக்கும், அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாக நின்றிருக்கும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரின் அழுக்கன்று, அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள எந்தத் தண்ணீரிலும் அப்படித்தான் நிகழும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது என்பதால் துருவும் வராது. படித்தவர்கள் வீட்டிலேயே ஆண்டுக்கணக்காக இந்த வித்தை நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இவர்களுக்கு இடம் கொடுப்பது நம் ஏற்பாடுகளே. மண்ணைச் சோதித்து அட்டை தரும், 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம் விவசாய நிலத்துக்கானது. மாடித் தொட்டிக்கு சர்வே எண் கிடையாது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகரோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்குக் குழாய் நீர் வந்த பிறகும், பல கட்டடங்களில் மூன்று வகைத் தண்ணீர் ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) கலக்கிறது. டேங்கர்காரரிடம் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டால் பதில் வருவதில்லை. விலைக்கு விற்கும் தண்ணீருக்கு ஒரு தாளில் அதன் சோதனை எண்களை எழுதிக் கொடுக்கும்படி விதி செய்து, அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த என்ன தடை? அதுவரை ஒவ்வொரு லோடு வந்ததும் சொட்டு மருந்தில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மழைநீர் நல்லது என்றேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டிய சிமெண்ட் சம்ப்பில் தேங்கிய மழைநீரை அப்படியே ஊற்றாதீர்கள். மழைநீரில் பி.எச். ஏறாமல் தாங்கிப்பிடிக்க உப்புகள் ஏதும் இல்லை. புதுச் சிமெண்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு அதன் பி.எச்.சை எளிதில் 10-க்கு மேலே கொண்டுபோய்விடும். சம்ப்பை நிரப்பி, சில நாள் நிறுத்தி, முழுவதும் வடித்துவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகு அளந்து பாருங்கள். எண் 8.5-க்குக் கீழே வரும் வரை அந்த நீர் செடிக்கு வேண்டாம். புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் மழைநீர் ஊற்றியும் செடி வாடுகிறதே என்று திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்த மழைநீருக்கு இந்தக் கவலை இல்லை.

வெளிறிய கறிவேப்பிலையைத் தண்ணீர் மாற்றம் மட்டும் உடனே மீட்டுவிடாது. ஒரு லிட்டர் மழைநீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். மண்ணில் போடும் இரும்பு உரம் வாங்கினால் உறையில் 'இ.டி.டி.எச்.ஏ.' என்று இருக்கிறதா பாருங்கள், 'இ.டி.டி.ஏ.' என்பது கார மண்ணில் நிலைக்காது. தொட்டியில் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மண் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய இலை உரம் இட்டு நிரப்புங்கள். எலுமிச்சைக்கும் மல்லிகைக்கும் இதே முறைதான். கொழுந்து பச்சையாக இருக்கும் தொட்டிகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.