வில்பத்துக்கு வானில் போகும்போது முதலுதவிப் பெட்டியில் என்ன வைப்பது?

கேள்வி: டொக்டர், பள்ளி விடுமுறைக்கு ஒரு வான் வாடகைக்கு எடுத்து வில்பத்து தேசிய பூங்காப் பக்கம் மூன்று இரவு தங்கப் போகிறோம். படுக்கை, காஸ் அடுப்பு எல்லாம் வானுக்குள்ளேயே இருக்கிறது. நான், கணவர், ஒன்பது வயது மகன், நாலு வயது மகள் (16 கிலோ), இன்சுலின் போடும் மாமி. கணவர் ஒன்லைனில் முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார், 120 சாமான் இருக்கிறதாம். பாம்பு கடித்தால் நஞ்சை உறிஞ்சும் கருவியும் இறுக்கிக் கட்ட ரப்பர் பட்டியும் கூட உண்டு. இது போதுமா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்த 120 இல் பெரும்பாலானவை சின்னச் சின்னப் பிளாஸ்டராகவே இருக்கும். பிளாஸ்டர் இல்லாமல் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வானில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துத்தான் பெட்டியை நிரப்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலில் கவனிக்க வேண்டியவர் மாமி.

வெயிலில் பூட்டி நிறுத்திய வானுக்குள் சூடு 50 பாகையைத் தாண்டும். இன்சுலின் அதைத் தாங்காது. அதற்காக ஐஸ் கட்டிக்கு மேலேயே வைத்துவிடவும் வேண்டாம், உறைந்த இன்சுலினும் வீண்தான். துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் கூலருக்குள் வையுங்கள். நீங்கள் வானை விட்டு இறங்கினால் அதுவும் உங்களோடு இறங்கட்டும். சீனி பார்க்கும் மெஷின், அதற்குரிய பட்டிகள், ஊசிகள், மூன்று நாளுக்கு வேண்டியதை விடக் கூடுதலாக மருந்து, எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் சாப்பாடு பிந்தும், இன்சுலின் பிந்தாது, அப்போது இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். மாமிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், சரியானதும் பிஸ்கட்டோ சோறோ சாப்பிடட்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது பாம்பு. அந்த உறிஞ்சும் கருவியையும் ரப்பர் பட்டியையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கருவி நஞ்சை வெளியே எடுப்பதில்லை, கடிவாயைத்தான் மேலும் புண்ணாக்கும். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, கையோ காலோ பழுதாகலாம். கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். கடிபட்டவரை நடக்க விடாமல், மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடத்தை ஒரு தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் கிடைக்கும், உங்கள் பெட்டிக்குள் வைக்கக்கூடிய மருந்தல்ல அது. பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவது உண்டு. தூரத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை.

உலர் வலயத்தில் புடையனுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். எனக்குக் கட்டுவிரியன்தான் கூடுதல் பயம். இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாமலும் போகும். விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்பி, கண்ணிமை தூக்க முடியாமல் இருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். ஆகவே வெளியே பாய் விரித்துப் படுக்க வேண்டாம், வானுக்குள் மேலேயே படுங்கள். பெட்டியில் பாம்புக்கென்று வைக்க வேண்டிய ஒரே சாமான் நல்ல டோர்ச். இருட்டில் டோர்ச்சும் மூடிய சப்பாத்தும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு வரக்கூடியது காய்ச்சலும் வயிற்றோட்டமும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று கொடுத்தது உண்மை. ஆனால் டெங்கு போகவில்லை. அதனால் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும், ஐபுபுரூஃபன் வேண்டாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு 240 வரும். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் 10 மில்லிலீட்டர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, 24 மணித்தியாலத்தில் நாலு முறைக்கு மேல் இல்லை. போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வேறு செறிவிலும் விற்கிறார்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள். ஒரு பக்கெட்டை முழுதாக ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதி பக்கெட், அரைக் கோப்பைத் தண்ணீர் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

காயத்துக்கு கோஸ், கிரேப் பாண்டேஜ், டேப், கத்தரிக்கோல், கையுறை, சவர்க்காரம் போதும். இரத்தம் வந்தால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. சுட்டால் 20 நிமிடம் தண்ணீர், பற்பசை வேண்டாம். இதற்காகவே கூடுதலாக ஒரு கான் தண்ணீர் ஏற்றுங்கள். நாயோ குரங்கோ கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, விசர்நாய்த் தடுப்பூசிக்குப் போங்கள்.

அட்டைக்கு உப்பு கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, அது சிங்கராஜாவுக்கும் நக்கிள்ஸுக்கும் போகும்போது. வில்பத்துப் பக்கம் பார்க்க வேண்டியது உண்ணி. இரவில் பிள்ளைகளின் காது மடல், அக்குள், இடுப்பு மடிப்புகளைப் பாருங்கள். கூரிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தால் வந்துவிடும். நெருப்பால் சுட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: காஸ் அடுப்பு. கதவு ஜன்னலை மூடிக்கொண்டு வானுக்குள் சமைக்காதீர்கள். மழை என்று கரி அடுப்பை உள்ளே எடுக்கவோ, ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டுப் படுக்கவோ வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் மயக்கமும் வந்தால் மாத்திரை தேடாமல் எல்லோரையும் வெளியே இறக்குங்கள்.

காட்டோரத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. சிக்னல் இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு வாங்கமாட்டார்கள். இல்லாவிட்டால் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையா புத்தளமா, எது கிட்ட, இரவில் வானை யார் ஓட்டுவது என்பதைப் போய் இறங்கிய அன்று மாலையே பேசி வையுங்கள். மாமியின் கிளினிக் கொப்பியும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.